பெயர்த் தோம்பும் அதன் காவலரும்

ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்துக் காணிகளும் அவற்றுக்கு உரியோர் பெயர்களும் தோம்பிற் பதியப்பெற்றன. இணையவுலகிலும் அத்தகைய தோம்பு ஒன்றுண்டு. நம் நாட்டு இணைய முகவரிகளின் ஈற்றில் நிற்கும் 'எல்கே' என்னும் குறியீடு 1990 ஆம் ஆண்டில் இலங்கைக்கு உரியதாயிற்று. அதன்கீழ்ப் பெயர்களைப் பதிந்து வருவது எல்கே டொமைன் பதிவகம்.

பதிவகம் அப்பெயர்வெளிக்கு உடைமையாளரோ? அன்று. இணைய முன்னோடி ஜோன் போஸ்டல் 1994 இல் வெளியிட்ட நெறிமுறை, நாட்டுக் குறியீட்டை நிருவகிப்போர் அந்நாட்டு மக்களுக்கும் உலக இணையத்துக்கும் நம்பிக்கைப் பொறுப்பாளரே என்கிறது. கோயிற் சொத்துக்குத் தருமகர்த்தா எவ்வாறோ, அவ்வாறே இவரும். ஆதலின் பதிவு விதிகள் யாவர்க்கும் ஒன்றாதல் வேண்டும். பிணக்குகள் நடுநிலையில் தீர்க்கப்படல் வேண்டும். காவலும் உறுதியாதல் வேண்டும். 2021 பெப்ரவரியில் இக்காவல் ஊடுருவப்பட்டபோது, கூகிள் உள்ளிட்ட சில எல்கே முகவரிகளை நாடியோர் வேறொரு பக்கத்துக்குத் திருப்பப்பட்டனர். வங்கியை நாடுவோர் அவ்வாறு திருப்பப்பட்டால் பொருள் என்னாவது?

2010 இல் தமிழெழுத்திலேயே 'இலங்கை' என முடியும் முகவரிக்கும், சிங்கள எழுத்தில் 'லங்கா' என முடியும் முகவரிக்கும் இசைவு கிடைத்தது. ஆயினும், கடைப் பலகையைத் தமிழில் எழுதும் நாம் இணைய முகவரியை ஆங்கிலத்திலேயே எழுதுகின்றோம். தோம்பைக் காப்பது காவலர் கடன். அதில் நம் மொழியிற் பெயர் பொறிப்பது நம் கடன்.