உங்களுக்குத் தெரியுமா? சூப்பர் ஹீரோ அணியில் ஒரு மும்பைப் பையன்

● மார்வெல் நிறுவனம் 2015 நவம்பரில் 'வெப் வாரியர்ஸ்' என்ற புதிய காமிக்ஸ் தொடரைத் தொடங்கியது. வெவ்வேறு உலகங்களைச் சேர்ந்த ஸ்பைடர்மேன்களும் ஸ்பைடர்வுமன்களும் ஓரணியில் சேர்ந்து போராடும் கதை. அந்த அணியில் நம்ம மும்பைப் பையன் ஒருவனும் இருந்தான். பெயர் பவித்ர் பிரபாகர். தொடர் 11 இதழ்களோடு நின்றுபோனாலும் பவித்ர் நிற்கவில்லை.

● இந்தப் பவித்ர் முதலில் வந்தது 2004இல், 'ஸ்பைடர்மேன்: இந்தியா' என்ற நான்கு இதழ்த் தொடரில். உருவாக்கியவர்கள் ஷரத் தேவராஜன், சுரேஷ் சீதாராமன், ஓவியர் ஜீவன் காங். கிராமத்தில் பிறந்தவன், உதவித்தொகை கிடைத்து மும்பைப் பள்ளிக்கு வருகிறான். உடன் வருபவர்கள் மாயா அத்தையும் பீம் மாமாவும். வகுப்பில் அவன் உடையைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், பட்டிக்காட்டான் என்று சீண்டுகிறார்கள். சக்தி கிடைப்பது அதற்கப்புறம்தான். அதைத் தருபவர் ஒரு யோகி.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையை யாரும் விளக்க வேண்டாம். 'மதராசி' என்ற ஏளனத்தைக் கேட்டுக்கொண்டே படித்து முன்னேறிய தலைமுறை மாதுங்காவிலும் செம்பூரிலும் இன்றும் இருக்கிறது. சுவரில் ஏறும் சக்தியைவிட அந்த வகுப்பறைக் காட்சிதான் பவித்ரை நமக்கு நெருக்கமாக்குகிறது என்பேன். பின்னால் வந்த கதைகளில் இந்தப் பகுதியைக் குறைத்துவிட்டார்கள். அது எனக்கு வருத்தம்தான்.

● 2023 ஜூன் 1ஆம் தேதி 'ஸ்பைடர்மேன்: அக்ராஸ் தி ஸ்பைடர்வெர்ஸ்' படம் இந்தியாவில் வெளியானபோது தமிழ் உட்பட 10 மொழிகளில் வந்தது. மும்பையும் மன்ஹாட்டனும் கலந்த 'மும்பாட்டன்' என்ற பவித்ரின் நகரம் அதில் வருகிறது. அந்த நகரத்தின் வண்ணத்துக்கும் கோட்டோவியத்துக்கும் படக்குழு முன்மாதிரியாக எடுத்துக்கொண்டது, 1970களின் இந்திரஜால் காமிக்ஸை. மும்பையில் டைம்ஸ் ஆஃப் இந்தியா குழுமம் வெளியிட்ட இதழ் அது. நம் வீட்டுப் பரணில் கிடந்ததைத்தான் ஹாலிவுட் தூசி தட்டி எடுத்திருக்கிறது!

● இந்திரஜால் காமிக்ஸ் தொடங்கியது 1964 மார்ச்சில், முகமூடி வேதாளர் ஃபேண்டம் கதையோடு. நின்றது 1990இல். இடையில் 800க்கும் மேற்பட்ட இதழ்கள். தமிழிலும் சில காலம் வந்தது.

● அதே இந்திரஜாலில் 1976இல் பிறந்தவன் 'பகதூர்'. எழுதியவர் ஆபித் சுர்த்தி. பகதூர் தனியாளாகப் பறந்து வந்து ஊரைக் காப்பாற்றுகிறவன் இல்லை. கொள்ளையரை எதிர்க்கச் சாதாரண ஊர்மக்களையே சேர்த்து ஒரு பாதுகாப்புப் படை அமைத்தான். இந்திய காமிக்ஸில் 'அணி' என்ற எண்ணத்துக்கு இதைவிட நேர்மையான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அதை எழுதியவர் என்ன ஆனார் தெரியுமா? மும்பையை ஒட்டிய மீரா ரோட்டில் வீடு வீடாகப் போய், ஒரு பிளம்பரைக் கூட வைத்துக்கொண்டு, ஒழுகும் குழாய்களை இலவசமாகச் சரிசெய்யும் வேலையை 2007இல் தொடங்கினார். அப்போதே வயது எழுபதைத் தாண்டிவிட்டது. கூடவே ஒரு தன்னார்வலரும் போவார். மூன்று பேர் அணி, கையில் ஒரு ஸ்பேனர், சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் மிச்சம். தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்ற தாராவிக்காரர்களுக்கு அந்த வேலையின் மதிப்பு புரியும்.

● அமிதாப் பச்சனும் காமிக்ஸ் சூப்பர் ஹீரோவாக இருந்திருக்கிறார். 1980களில் மும்பையிலிருந்து வந்த 'சுப்ரீமோ' தொடர் அது. கதை மேற்பார்வை குல்சார், ஓவியம் பிரதாப் முல்லிக். அணியில் ஷாஹீன் என்ற வல்லூறும் சோனாலி என்ற டால்பினும் உண்டு.

● இனி நம் சிவகாசிக்கு வருவோம். 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழில் வந்தவர் இரும்புக்கை மாயாவி. உடம்பில் மின்சாரம் பாய்ந்ததும் ஆள் மறைந்துபோவார், இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். 1984 ஜூலையில் லயன் காமிக்ஸ் தொடங்கியது. ஆசிரியர் எஸ். விஜயன் அப்போது பதின்வயதைத் தாண்டாதவர். லயன் கொண்டுவந்த ஸ்பைடரும் ரோபோ ஆர்ச்சியும் ஊரையே ஒரு கலக்குக் கலக்கினார்கள். ரசிகர்கள் வைத்த செல்லப்பெயர்கள் 'கூர்மண்டையன்', 'சட்டித்தலையன்'. இத்தனை உரிமையாகப் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுவதைவிட ஒரு ரசிகன் தன் பிரியத்தை வேறெப்படிக் காட்டுவான்?

● லயனின் ஸ்பைடர் வேறு, மார்வெலின் ஸ்பைடர்மேன் வேறு. நம்மவன் பிரிட்டிஷ்காரன். 1965இல் பிறந்தவன், முதலில் குற்றவாளிகளின் சக்கரவர்த்தியாகத் திரிந்தவன். ஹெலிகாரும் வலைத் துப்பாக்கியும் அவன் சொத்து. பெல்ஹாம், ஆர்டினி இருவரும் அவன் கையாட்கள். அவன் கதைகளில் பெரும்பகுதியை எழுதியவர் ஜெர்ரி சீகல். ஆம், 1938இல் ஜோ ஷஸ்டரோடு சேர்ந்து சூப்பர்மேனை உலகுக்குத் தந்த அதே சீகல்தான்.

● மாயாவி, ஸ்பைடர், ஆர்ச்சி மூவரும் ஒரே கதையில் வந்தால்? வந்தே விட்டார்கள். 2005–06இல் அமெரிக்காவின் வைல்ட்ஸ்டார்ம் வெளியிட்ட 'அல்பியன்' என்ற ஆறு இதழ்த் தொடரில், மறக்கப்பட்ட பழைய பிரிட்டிஷ் நாயகர்களையெல்லாம் ஒன்றாகக் கொண்டுவந்தார்கள். கதைக்கரு ஆலன் மூர், எழுத்து லியா மூரும் ஜான் ரெப்பியனும். அமெரிக்க வாசகருக்கு இந்த முகங்களில் பாதி புதியவை. கோடை விடுமுறை முடிந்து ஊரிலிருந்து ரயிலேறும்போது, கருப்பட்டிக்கும் சீவலுக்கும் நடுவே நாலு லயன் இதழ்களைச் செருகிக்கொண்டு தாதரில் இறங்கிய பையனுக்கோ எல்லாமே பழகிய முகங்கள். அதில் நியூயார்க்கைவிட நம் சால் குடியிருப்புக்கு விஷயம் அதிகம் தெரியும்.

● ஓர் அணியின் உடையையே ரசிகர் கடிதங்கள் மாற்றியதுண்டு. 1961இல் 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' முதல் இதழில் நால்வருக்கும் சீருடை கிடையாது. வாசகர்கள் கேட்டு எழுத, மூன்றாம் இதழில் நீல உடை வந்துவிட்டது.

● ரசிகர்கள் ஓர் உயிரை எடுத்ததும் உண்டு. 1988இல் பேட்மேனின் கூட்டாளி ராபின் பிழைக்க வேண்டுமா, சாக வேண்டுமா என்று தொலைபேசி வாக்கெடுப்பு நடத்தினார்கள். சாகட்டும் என்றவர்கள் 5,343. பிழைக்கட்டும் என்றவர்கள் 5,271. வெறும் 72 அழைப்பு வித்தியாசத்தில் அந்தப் பையனைக் கொன்றுவிட்டார்கள். எனக்கு இது ரசிக்கவில்லை. வாசகனிடம் கருத்துக் கேட்பது வேறு, கத்தியைக் கையில் கொடுப்பது வேறு.

● தாராவிச் சுவர்களிலும் ஒரு சூப்பர் ஹீரோ இருந்தாள். புலிமேல் வரும் பிரியா. டெல்லியில் 2012 டிசம்பரில் நடந்த கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்குப் பிறகு ராம் தேவினேனி உருவாக்கிய 'பிரியாஸ் சக்தி' 2014இல் வெளிவந்தபோது, பழைய இந்திப் பட பேனர் ஓவியர்களை வைத்துத் தாராவியில் சுவர்ச்சித்திரம் வரைந்தார்கள். போனை எதிரே பிடித்தால் படம் உயிர்பெற்று அசையும். 2016இல் வந்த 'பிரியாஸ் மிரர்' கதையில் அவளோடு நிற்கும் அணி, அமிலவீச்சில் தப்பிப் பிழைத்த பெண்கள். இந்தப் பட்டியலில் எனக்கு மிகப் பெரிய அணி அதுதான்.

● டிங்கிள் சிறுவர் இதழின் அப்பாவிக் கோமாளி சுப்பாண்டி 1983இல் மும்பைக்கு வந்து சேர்ந்தது ஒரு வாசகர் அனுப்பிய கதைகளின் வழியாக. அந்த வாசகர் திருச்சிக்காரர். கடிதம் போட்ட வாசகனைப் பதிப்பாளர் மதித்தால் என்ன நடக்கும் என்பதற்கு, நாற்பது ஆண்டுகளாகச் சிரிக்க வைக்கும் அந்த மண்டையே சாட்சி.

● வேண்டுகோள் ஒன்று. மாதுங்காவிலோ செம்பூரிலோ வீடு காலி செய்கிறவர்கள், தாராவியில் கட்டட மாற்றத்துக்காகச் சாமான் கட்டுகிறவர்கள் யாராக இருந்தாலும், பழைய முத்து, லயன், ராணி காமிக்ஸ், இந்திரஜால் இதழ்கள் கிடைத்தால் கிலோக் கணக்கில் பழைய பேப்பர் வாங்கும் ரத்திவாலாவிடம் போட்டுவிடாதீர்கள். தமிழ் பேசத் தெரிந்து படிக்கத் தடுமாறும் ஒரு பிள்ளை உங்கள் மாடியிலேயே இருக்கும். அதன் கையில் கொடுங்கள்.