ஏமாற்றமும் திறனாய்வும்

தாம் போற்றும் எழுத்தாளரின் புதிய படைப்பைப் படிக்கத் தொடங்கும் வாசகர், அவருடைய முந்தைய நூல்கள் ஊட்டிய எதிர்பார்ப்பையும் சுமந்தே வருகிறார். அது நிறைவேறாதபோது எழும் ஏமாற்றத்தை வெறும் மனக்குறையாகத் தள்ளிவிடாமல், திறனாய்வின் தொடக்கமாகக் கொள்ளலாம்.

1966இல் ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' ஆனந்த விகடனில் வெளிவந்தது. மழை நாளில் முன்பின் அறியாத ஒருவனின் காரில் ஏறிச் சீரழிக்கப்பட்ட மாணவியை, அவள் தாய் தலையில் நீரூற்றித் தூய்மையானவள் என்று தேற்றுகிறாள், நடந்ததை மறைத்தும்விடுகிறாள். ஜெயகாந்தனைக் கொண்டாடியவர்களிலேயே பலர் இம்முடிவைக் கண்டு கொதித்தனர். அவர் கதையை மாற்றவில்லை. அத்தாய் ஊரறியக் கதறியிருந்தால் என்னவாகும் என்ற வினாவைத் 'தினமணிக் கதிர்' தொடராக விரித்தார். அதுவே 'சில நேரங்களில் சில மனிதர்கள்' என்னும் நாவலாகி, 1972இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அதில் கங்கா படித்துப் பணியில் உயர்ந்தும் பழியிலிருந்து மீளவில்லை. சினந்தவர்களின் அறம் அப்பெண்ணை எங்கே நிறுத்தும் என்பதை நாவல் காட்டியது.

இங்கு ஏமாற்றத்தின் வேர் வாசகரின் நம்பிக்கையில் இருந்தது; படைப்பின் குறையில் அன்று. மற்றொரு வகை ஏமாற்றம் படைப்பிலிருந்தே பிறக்கிறது. பாத்திரம் பேச வேண்டிய இடத்தில் ஆசிரியர் சொற்பொழிவாற்றினாலும், முன்பு வென்ற உத்தியையே மீண்டும் கையாண்டாலும் வாசகர் சோர்வது நியாயமே.

பேராக் மாநில வாசகருக்கு மூன்றாவது அளவுகோல் ஒன்றும் உண்டு. தமிழகத்தின் புகழ்பெற்ற நாவலாசிரியர் அகிலன், மலேசியத் தோட்ட வாழ்வைக் களமாகக் கொண்டு 'பால்மரக் காட்டினிலே' எழுதினார். விடியுமுன் பிரட்டுக்கு நின்றவரும், மங்கில் வடிந்த பாலை வாளியில் சேர்த்தவரும் அந்நூலைத் தம் அனுபவத்தோடு ஒப்பிட்டே படிப்பர். தம் வாழ்வு நூலேறியதில் மகிழ்பவரே, ஒரு சிறு விவரம் பொருந்தாவிடினும் வருந்துவர். அவ்வருத்தம் மதிக்கத்தக்க சான்று.

ஆசிரியர்கள் மாணவரிடம் "கதை பிடித்ததா?" என்று கேட்பதோடு நிறுத்த வேண்டியதில்லை. நீ எதை எதிர்பார்த்தாய், படைப்பு எதைத் தர முயன்றது, எந்தப் பக்கத்தில் உன் மனம் விலகியது என்று வினவலாம். சுங்கை சிப்புட், ஈப்போ வட்டாரங்களில் பால்மரங்கள் நின்ற நிலம் பலவற்றில் இன்று செம்பனையும் குடியிருப்புகளும் நிற்கின்றன. ஆயினும், மரம் சீவிய தாத்தா பாட்டிகள் இன்னும் சில வீடுகளில் இருக்கின்றனர். தோட்டக் கதை ஒன்றை அவர்களிடம் மாணவர்கள் உரக்கப் படித்துக் காட்டட்டும். எவ்விடத்தில் அவர்கள் தலையசைக்கின்றனர், எவ்விடத்தில் மறுக்கின்றனர் என்று குறித்துக்கொள்ளட்டும். வேறெந்தத் திறனாய்வு நூலிலும் கிடைக்காத குறிப்புகள் அவை.