அணுமின்சாரமும் டென்மார்க்கின் நாளையும்

மின்சாரமற்ற வாழ்வு எத்தகையது என்பதை எம்மிற் பெற்றோராய் இருப்போர் பலர் நன்கறிவர். 1990களில் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயும் அரிதாகிய வேளையில், ஜாம் போத்தல் விளக்கின் சிறு சுடரிலேயே பிள்ளைகள் பாடம் படித்தனர். ஒடென்சேயில் வளரும் எமது மாணவச் செல்வங்களோ ஆளியை அழுத்தியதும் ஒளி பெறுகின்றனர். அவ்வொளி இனி எதிலிருந்து பிறக்கவேண்டும் என்னும் வினா இந்நாட்டில் மீண்டும் எழுந்துள்ளது.

நிலக்கரி நிலையமும் அணுமின் நிலையமும் இயங்கும் முறை பெரிதும் ஒன்றே. நீர் ஆவியாகிச் சுழலியைச் சுழற்ற, மின்சாரம் பிறக்கின்றது. வெப்பத்தின் மூலமே வேறு. அணு உலையில் யுரேனியத்தின் கருவை நியூத்திரன் தாக்கிப் பிளக்கும்போது பெருவெப்பம் வெளிப்படுகின்றது. அங்கு புகையில்லை, காபனீரொட்சைட்டும் இல்லை. ஆயினும் எஞ்சும் கழிவின் கதிர்வீச்சு பல்லாயிரம் ஆண்டுகள் நீடிக்கும்.

1973ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடியின்போது டென்மார்க் தன் சக்தித் தேவையிற் பத்தில் ஒன்பது பங்கிற்கு இறக்குமதி எண்ணெயையே நம்பியிருந்தது. ஆகவே 1976ஆம் ஆண்டுத் திட்டத்தில் அணுமின்சாரமும் இடம்பெற்றது. மக்களோ ஊர்தோறும் கூடி விவாதித்தனர். ஈற்றில் 1985 மார்ச் 29இல், அணுமின்சாரமின்றியே திட்டமிடுவதெனப் பாராளுமன்றம் தீர்மானித்தது. செர்னோபில் விபத்து நிகழ்ந்தது அதற்கு அடுத்த ஆண்டிலேயாகும்.

அத்தீர்மானத்தின் பின் இந்நாடு காற்றை நாடியது. உலகின் முதலாவது கடற் காற்றாலைத் தொகுதி 1991இல் லோலண்ட் தீவருகே வின்டபியில் அமைந்தது. 2023இல் நாட்டின் மின்சாரத்திற் பாதிக்கு மேல் காற்றே வழங்கியது. எனினும் காற்று எந்நாளும் வீசுவதில்லை. அது ஓய்ந்த நாட்களில் அயல்நாட்டு மின்சாரமும் கம்பிவழி வருகின்றது. அவற்றுள் ஒன்றாகிய சுவீடனின் மின்சாரத்தில் ஏறத்தாழப் பத்தில் மூன்று பங்கு அணுவிலிருந்து பெறப்படுவது. அணுவை வேண்டாமென்ற நாட்டின் வீடுகளிலும் அதன் ஒளி சிறிது கலந்தே உள்ளது!

2025 மே மாதத்தில், புதுவகைச் சிறிய அணு உலைகளை ஆராயப்போவதாக டென்மார்க் அரசு அறிவித்தது. மறுபுறம், றொஸ்கில்டேக்கு அருகிலுள்ள றிசோ ஆய்வுநிலையத்தின் அணு உலைகள் மூடப்பட்டபோதும், அவற்றின் கழிவு இன்னும் நிரந்தர இடமின்றி உள்ளது. நிலத்தின் ஆழத்தில் அதற்கோர் இடம் 2073க்குள் அமையவேண்டுமெனப் பாராளுமன்றம் 2018இல் முடிவு செய்தது. இன்று எம் பாடசாலையில் 'அ' எழுதப் பழகும் குழந்தைக்கு அப்போது ஐம்பது வயது கடந்திருக்கும்.

கழிவின் சுமையும், புகையால் வெப்பமுறும் பூமியின் சுமையும் அக்குழந்தையின் தோளிலேயே ஏறும். ஆதலால் அச்சத்தால் மறுப்பதும் ஆசையால் ஏற்பதும் அறிவுடைமையாகா. 1985இன் முடிவு சரியா, பிழையா என்பதில் நாம் வேறுபடலாம். ஆனால் அன்று பொதுமக்கள் கற்றறிந்து, வினவி, விவாதித்த பின்னரே அம்முடிவு பிறந்தது. நாளை வாக்களிக்கவுள்ள எம் பிள்ளைகளும் அவ்வாறே கற்றுத் தெளியவேண்டும். அதற்கான உரையாடலை எம் இல்லங்களில் இன்றே தொடங்குவோமாக.