'ஆர் யூ ஓகே?' என்றால் 'நல்லா இருக்கீங்களா?' என்று அர்த்தமா? இங்கிலீஷ் வணக்கத்தில் சீனர்கள் தடுமாறுவது ஏன்?

2015 ஏப்ரலில் டெல்லியில் சியோமியின் எம்ஐ 4ஐ போன் அறிமுக விழா நடந்தது. மேடையேறிய நிறுவனர் லெய் ஜூன், கூட்டத்தைப் பார்த்து உற்சாகமாகக் கேட்டார்: 'ஆர் யூ ஓகே?' அவ்வளவுதான்! சீனாவில் அந்த வீடியோ செம டிரோல் ஆனது. பிலிபிலி தளத்தில் ரீமிக்ஸ் பாட்டாகவே வந்து வைரலானது.

அதில் என்ன தப்பு?

இலக்கணப்படி தப்பே இல்லை. ஆனால் அது கீழே விழுந்தவரிடமோ, முகம் வாடியிருப்பவரிடமோ கேட்கும் கேள்வி. 'ஒண்ணும் ஆகலையே?' என்பதுதான் அதன் தொனி. கூட்டத்தை நலம் விசாரிக்க 'ஹவ் ஆர் யூ?' போதும்.

சிக்கல் எங்கே?

ஒன்று, மனப்பாடம். 'ஹவ் ஆர் யூ?' என்றால் 'ஃபைன், தேங்க் யூ. அண்ட் யூ?' என்றே சீனாவில் பல தலைமுறை மாணவர்கள் படித்திருக்கிறார்கள். கேள்வி கொஞ்சம் மாறினாலும் பதில் தடுமாறிவிடும்.

இன்னொன்று, நேரடி மொழிபெயர்ப்பு. சீனாவில் 'சாப்டாச்சா?', 'எங்க கிளம்பிட்டீங்க?' என்று கேட்பதே வணக்கம் சொல்வது மாதிரிதான். நம்ம ஊரிலும் அப்படித்தானே! ஆனால் இங்கிலீஷில் முதல் கேள்வி, சாப்பிடக் கூப்பிடுவது போல இருக்கும். இரண்டாவது, வேவு பார்ப்பது போல இருக்கும்.

எதற்கு என்ன பதில்?

• 'வாட்ஸ் அப்?': 'ஃபைன்' பொருந்தாது. 'நாட் மச்' என்றால் போதும்.

• 'ஹவ்ஸ் இட் கோயிங்?': 'குட்' அல்லது 'நாட் பேட்' சொல்லிவிட்டு, திருப்பி அவரையும் விசாரிக்கலாம்.

• 'யூ ஆல்ரைட்?': பிரிட்டனில் இது வெறும் ஹலோ. 'நமக்கு உடம்பு சரியில்லாத மாதிரி தெரியுதோ' என்று பதற வேண்டாம்.

• 'ஹே': நண்பர்களுக்கு மட்டும். இன்டர்வியூவில் 'ஹலோ' அல்லது 'குட் மார்னிங்'தான் பாதுகாப்பு.

• 'குட் நைட்': விடைபெறும்போது மட்டும். ராத்திரி 8 மணிக்கு ஒருவரைப் பார்த்தாலும் 'குட் ஈவினிங்'தான்.

இதில் வேலை வாய்ப்பும் அடங்கியிருக்கிறது. இன்டர்வியூ அறையில் முதலில் காதில் விழுவதே வணக்கம்தான். அதிலேயே திணறினால், அடுத்து வரும் நல்ல பதில்களையும் பதற்றம் விழுங்கிவிடும்.

சுலபமான வழி என்ன?

'சாப்டாச்சா?' என்று கேட்பவர் சாப்பாட்டு மெனுவைக் கேட்கவில்லை என்பது சீனர்களுக்கு நன்றாகவே தெரியும். 'ஹவ் ஆர் யூ?'வும் அதே ரகம்தான். உடம்பு வலி முதல் வீட்டுக்கடன் வரை ஒப்பிக்க வேண்டாம். சின்னதாக ஒரு பதில், கூடவே ஒரு சிரிப்பு. வேலை முடிந்தது!