பளபளப்பை நம்பி ரிவால்வர் வாங்காதீர்கள்

ஹாரி பிரயர்லியிடம் ஒப்படைத்த வேலை துப்பாக்கிக் குழலைக் காப்பாற்றுவது. இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் அவர் உலோகவியலாளர். சுடச் சுட, சூட்டிலும் வாயுவிலும் குழலின் உட்புறம் அரித்துப்போகிறது, அதற்கு ஈடுகொடுக்கும் எஃகு வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். 1913-ல் குரோமியத்தை 13 சதவீதத்தை ஒட்டிக் கலந்து ஓர் எஃகை வார்த்தார். நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும் என்றால் முதலில் அமிலம் பூசி மேற்பரப்பை அரிக்க வைக்க வேண்டும். அமிலம் அந்த எஃகிடம் தோற்றுப்போனது. ஆனாலும் இந்த ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல் பேர் வாங்கியது சாப்பாட்டு மேஜைக் கத்தியாகத்தான். கைத்துப்பாக்கிக்கு வந்து சேர அரை நூற்றாண்டு பிடித்தது.

1965-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஸ்மித் அண்ட் வெசன் நிறுவனம் 'மாடல் 60' என்ற ஐந்து குண்டு ரிவால்வரை வெளியிட்டது. தொழிற்சாலை முறையில் தொடர்ந்து தயாரான முதல் ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல் ரிவால்வர் அதுதான். இத்தனை தாமதத்துக்குக் காரணம் இருக்கிறது. இந்த எஃகைக் கடைவது கடினம். எவர்சில்வரும் எவர்சில்வரும் உரசினால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு பிறாண்டும். அதனால்தான் உடல் முழுக்க ஸ்டெய்ன்லெஸ்ஸாக இருக்கும் பல ரிவால்வர்களில் ஹேமரும் டிரிக்கரும் மட்டும் குரோம் பூசிய சாதாரண எஃகாக இருக்கின்றன.

நம் வீட்டு எவர்சில்வர் தட்டில் காந்தம் ஒட்டாது. இந்த ரிவால்வரில் ஒட்டும். தட்டில் குரோமியமும் நிக்கலும் அதிகம், துரு அண்டாது, ஆனால் சூடேற்றித் தோய்த்து அதைக் கெட்டிப்படுத்த முடியாது. துப்பாக்கிக்குக் கெட்டித்தன்மைதான் முக்கியம் என்பதால் குரோமியம் குறைந்த வேறு இனத்தை எடுக்கிறார்கள். வியர்வை படிந்த உறையிலேயே மாதக்கணக்கில் போட்டு வைத்தால் இதிலும் பழுப்புப் புள்ளி விழும்.

மாடல் 60 சட்டைக்குள் ஒளித்து வைக்கிற குட்டி. குறிபார்த்துச் சுட விரும்புகிறவர்கள் தேடுவது அதன் பெரிய தம்பிகளை. 1970-களில் வந்த 'மாடல் 66' அவற்றில் ஒன்று. கைக்கு அடக்கமானது, அழகானது. ஆனால் ஒரு பலவீனம் உண்டு. சிலிண்டரிலிருந்து பாயும் குண்டு குழலுக்குள் நுழைகிற வாய் கூம்பு மாதிரி விரிந்திருக்கும். இந்த மாடலில் சிலிண்டர் தாங்கிக்கு இடம் விடுவதற்காக அந்த வாயின் அடிப்புறத்தைத் தட்டையாகச் சீவியிருப்பார்கள். 'மேக்னம்' என்ற வீரியம் மிகுந்த தோட்டாக்களில் எடை குறைந்த 125 கிரெய்ன் குண்டுகளை ஓயாமல் சுட்டால், மெலிந்த அந்த இடத்தில்தான் விரிசல் விடும். இந்தக் குறைக்கு மருந்தாக 1980-களின் தொடக்கத்தில் சட்டகத்தைச் சற்றுப் பெரிதாக்கி 'மாடல் 686' வந்தது. போட்டி நிறுவனமான ரூகர் 1985-ல் 'ஜிபி100' என்று பதில் சொன்னது. இன்று பழைய துப்பாக்கிச் சந்தையில் குறிபார்க்கும் ஆசையோடு நுழைகிறவர் கையில் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று வந்து விழும்.

பழையது இவ்வளவு தாராளமாகக் கிடைப்பதற்கு அமெரிக்க போலீஸ்தான் காரணம். 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் இரண்டு கொள்ளையர்களை எஃப்.பி.ஐ. ஆட்கள் மடக்கியபோது நடந்த மோதலில் இரண்டு ஏஜென்டுகள் இறந்தார்கள், ஐந்து பேர் காயமடைந்தார்கள். ஆறு குண்டு ரிவால்வரை நெருக்கடியில் மறுபடி நிரப்புவது எவ்வளவு பாடு என்று அதற்குப் பிறகு நாடு முழுக்கப் பேசினார்கள். போலீஸ் இலாகாக்கள் ஒவ்வொன்றாக ஆட்டோமேட்டிக் பிஸ்டலுக்கு மாறின. நியூயார்க் போலீஸ் 1993-ல் மாறத் தொடங்கியது. கழித்துவிட்ட ரிவால்வர்கள் வியாபாரிகளிடம் மூட்டை மூட்டையாக வந்து சேர்ந்தன. இதில் வேடிக்கை, அன்று ஒரு கை சிதைந்த நிலையிலும் எட்மண்டோ மிரெலஸ் என்ற ஏஜென்ட் இரு கொள்ளையர்களையும் சுட்டு அந்தச் சண்டையை முடித்தது ஒரு 686 ரிவால்வரால்தான்.

போலீஸ் துப்பாக்கி என்றால் ஓடி உழைத்துத் தேய்ந்தது என்று நினைப்போம். உண்மையில் உறையில் ஏறி இறங்கி வெளிப்புறம் கீறலாயிருக்கும். சுட்டது என்னவோ வருடத்துக்கு ஓரிரு முறை நடக்கும் தகுதித் தேர்வில் மட்டும். நேர்மாறாக, மேக்னம் தோட்டாவில் மோகம் கொண்ட ஒருவர் ஞாயிறு தவறாமல் சுட்டுவிட்டு, துடைத்துப் பெட்டியில் பட்டுத்துணி சுற்றி வைத்திருந்தது பார்வைக்குப் புதிதாக இருக்கும். கறுநீல மெருகு பூசிய பழைய எஃகுத் துப்பாக்கி பொய் சொல்லாது. மெருகு எங்கே போயிருக்கிறதோ அங்கே உழைத்திருக்கிறது என்று கண்ணாலேயே படித்துவிடலாம். ஸ்டெய்ன்லெஸ்ஸில் அந்த வசதி கிடையாது. பாத்திரம் தேய்க்கும் நைலான் நாரை வைத்துப் பொறுமையாக ஒரே திசையில் இழுத்தால் இருபது வருடக் கீறல் ஒரு மாலையில் மறைந்துவிடும். ஆகவே வெளியே பார்க்காதீர்கள். நார் எட்டாத இடத்தைப் பாருங்கள்.

முதலில் சிலிண்டரைத் திறந்து, ஆறு அறையும் காலி என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்ய வேண்டும். பிறகு மூடி, இடது கட்டைவிரலைச் சிலிண்டரில் லேசாக வைத்துத் தடை கொடுத்தபடி, ஹேமரை மிக மெதுவாகப் பின்னுக்கு இழுக்க வேண்டும். ஹேமர் முழுதாக வந்து நிற்பதற்குள், அடியிலிருக்கும் பூட்டுக் கொண்டி சிலிண்டரின் குழிக்குள் 'டிக்' என்று விழ வேண்டும். ஹேமர் நின்ற பிறகும் சிலிண்டர் குழிக்கு வந்து சேரவில்லை என்றால் அந்த அறைக்குக் காலக்கணக்கு தவறுகிறது. ஓர் அறை சரியாக இருந்தது என்று விட்டுவிடக் கூடாது, ஆறையும் பார்க்க வேண்டும். சோம்பேறித்தனம் காட்டும் அறை பெரும்பாலும் ஐந்தாவதோ ஆறாவதோவாகத்தான் வாய்க்கும் என்பது என் சந்தேகம்.

அடுத்து, சிலிண்டரைப் பிடித்து முன்னும் பின்னும் அசைக்கலாம். நூலளவு ஆட்டம் இருக்கலாம். 'லொடக்' என்று இருக்கக் கூடாது. மெக்கானிக் பட்டறையில் டாப்பெட் அளக்கும் ஃபீலர் கேஜ் இங்கேயும் உதவும். சிலிண்டர் முகத்துக்கும் குழல் வாய்க்கும் நடுவே 0.1 முதல் 0.25 மில்லிமீட்டர் வரை இடைவெளி இருந்தால் சரி. அதற்கு மேல் போனால் வாயு வீணாகும், ஈயத் துணுக்கு பக்கவாட்டில் தெறிக்கும். குழல் வாயின் அடிப்பாகத்தை டார்ச் அடித்து விரிசலுக்காகப் பார்க்க வேண்டும். அதற்கு நேர் மேலே சட்டகத்தில் நெருப்பு வெட்டிய கோடு ஒன்று தெரியும். அது ஓரளவு வரை ஆழமாகித் தானே நின்றுவிடும், பயப்பட வேண்டாம். ஆனால் எவ்வளவு மேக்னம் சுட்டிருக்கிறார்கள் என்பதை அதைவிட நேர்மையாகச் சொல்லும் சாட்சி வேறில்லை. சிலிண்டர் முகத்தில் கறுப்பு வளையங்கள் இருந்தால் குறையில்லை. சொல்லப்போனால், அந்த முகம் கண்ணாடியாக மின்னினால்தான் எதற்கு இவ்வளவு சுத்தம் என்று கேட்கத் தோன்றும்.

இன்னொன்று, சினிமா செய்த கேடு. நாயகன் மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டி சிலிண்டரை 'டக்'கென்று மூடுவான். நிஜத்தில் அப்படி நாலு நாள் செய்தால் சிலிண்டரைத் தாங்கும் கை வளைந்துவிடும். திறந்த சிலிண்டரை விரலால் மெல்ல மூடும்போது கடைசி மில்லிமீட்டரில் முரண்டு பிடித்தால் முந்தைய உரிமையாளர் சினிமாப் பிரியர்.

686-ல் மாடல் எண்ணுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு கோடும் இலக்கமும் இருக்கும். சிலிண்டரைத் திறந்தால் தாங்கியின் வெட்டில் தெரியும். கோடே இல்லாதவையும் '-1' உள்ளவையும் 1987-ல் நிறுவனம் திரும்ப அழைத்தவை. சில தோட்டாக்களைச் சுடும்போது ஊசி வந்து அடிக்கும் துளையைச் சுற்றியுள்ள பகுதியால் சிலிண்டர் இறுகிப்போனது. சரிசெய்தவற்றில் 'எம்' என்று ஓர் எழுத்து பொறித்தார்கள். எழுத்து இல்லை என்பதற்காக ஓட வேண்டியதில்லை. விலை பேசும்போது நினைவு வைத்துக்கொண்டால் போதும். புதிய 686-க்கு ஏறத்தாழ ஆயிரம் டாலர் கேட்கும் கடையில், பழையதைப் பேரம் பேச வெட்கப்பட வேண்டியதில்லை.

அமெரிக்காவில் வாங்குவது எப்படி? உரிமம் பெற்ற வியாபாரியிடம் என்றால் 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், '4473' என்ற மத்திய அரசுப் படிவத்தை நிரப்ப வேண்டும். 1998 முதல் எஃப்.பி.ஐ. நடத்தும் கணினிச் சரிபார்ப்பில் தேற வேண்டும். மாநிலம் விட்டு மாநிலம் வாங்கினால் இடையில் வியாபாரி கட்டாயம். ஒரே மாநிலத்தவர் இருவருக்குள் என்றால் அந்தந்த மாநிலச் சட்டம். கலிபோர்னியாவில் 10 நாள் காத்திருக்க வேண்டும். அமெரிக்காவுக்கு வேலைக்குப் போயிருக்கும் நம்மவர்கள் இந்த இடத்தில் கவனமாக இருப்பது நல்லது. கிரீன் கார்டு உள்ளவருக்குத் தடையில்லை. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதே பொதுவாக மத்தியச் சட்டப்படி குற்றம். அந்த நாட்டு மாநிலம் ஒன்றின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. சுடுதளத்தில் வாடகைக்கு எடுத்து விளையாட்டாகச் சுட்டுப் படம் போடுகிறவர்கள் பலருக்கு இது தெரியாது. விசா பறிபோகிற விஷயம்.

இனி சுடுவது. 686-ன் சிலிண்டரில் .357 மேக்னம் தோட்டாவும் போடலாம், .38 ஸ்பெஷலும் போடலாம். இரண்டின் குண்டும் ஒரே பருமன்தான். 1935-ல் மேக்னம் வந்தபோது, அது பழைய .38 துப்பாக்கிக்குள் நுழைந்து அதை வெடிக்க வைத்துவிடக் கூடாது என்று கூட்டை 3.4 மில்லிமீட்டர் நீட்டினார்கள். அதனால் பெரியதில் சின்னது போகும், சின்னதில் பெரியது போகாது. குறிபார்க்கிறவருக்கு மேக்னம் தேவையே இல்லை. .38-ல் 'வாட்கட்டர்' என்று ஒரு குண்டு உண்டு. 148 கிரெய்ன், அதாவது பத்து கிராமுக்குச் சற்றுக் குறைவு, முன்பக்கம் மொட்டைத் தட்டை. மெதுவாகப் போகும். காகிதத்தைக் கிழிக்காமல் வட்டமாக வெட்டி எடுக்கும், புள்ளி எண்ணும்போது தகராறே வராது. நான்கு அங்குலக் குழல் 686 ஒரு கிலோவைத் தாண்டும் எடை. அதில் வாட்கட்டர் சுட்டால் உள்ளங்கையில் ஒரு தள்ளல், அவ்வளவுதான். ஆனால் .38 கூடு குட்டையாக இருப்பதால் அறைக்குள் அதன் முனைக்கு முன்னால் கரி வளையம் கட்டும். சுரண்டாமல் விட்டால் அப்புறம் மேக்னம் கூடு உள்ளே முழுதாக அமராது.

ஹேமரைக் கட்டைவிரலால் இழுத்து வைத்துவிட்டு டிரிக்கரைத் தொட்டால் ஒன்றரை, இரண்டு கிலோ அழுத்தத்தில் வெடிக்கும். இழுக்காமல் டிரிக்கரை மட்டும் அழுத்தினால் அதே விரல் சிலிண்டரைச் சுழற்றி, ஹேமரைத் தூக்கி, விழ வைக்க வேண்டும். ஐந்து கிலோ அளவுக்கு அழுத்தம் கேட்கும். புதியவர்கள் எல்லோரும் முதல் வழியில் போய் நடுவட்டத்தில் அடித்து மகிழ்வார்கள். என் கட்சி இரண்டாவது. அந்த நீண்ட, கனத்த அழுத்தத்தின்போது முன்குறி அசையாமல் இருக்கக் கற்றுக்கொண்டவருக்கு வேறு எந்தத் துப்பாக்கியும் சிரமமாக இருக்காது. பார்வை முன்குறியில் கூர்மையாக நிற்க வேண்டும், இலக்கு மங்கலாகத் தெரிந்தால் போதும்.

வலது கைக்காரர் சுடுகிற குண்டுகள் தொடர்ந்து கீழே இடப்பக்கமாக விழுந்தால், பின்னுதைப்பை எதிர்பார்த்துக் கை முன்கூட்டியே துள்ளுகிறது என்று பொருள். இதைக் காட்டிக்கொடுக்க ரிவால்வரைப் போல வேறு கருவி இல்லை. கூட இருப்பவர் இரண்டு அறையில் தோட்டாவும் நான்கில் சுட்ட வெற்றுக் கூடும் போட்டு, முறை தெரியாதபடி சிலிண்டரைச் சுற்றி மூடி, குழல் இலக்கை நோக்கியபடியே கையில் தருவார். அழுத்துகிறீர்கள். 'டப்'. அடுத்தது 'டிக்', வெற்றுக் கூடு. வெடிக்காத துப்பாக்கியின் மூக்கு ஒரு விரற்கடை கீழே குனிவதை நீங்களே பார்க்கிறீர்கள். ஆசிரியர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதில்லை.

அளவுகோலும் ஒன்று வேண்டும். புல்ஸ்ஐ போட்டியில் 25 கஜத்தில் வைக்கும் இலக்கில் கறுப்பு வட்டம் 14 சென்டிமீட்டர், பத்துப் புள்ளி வளையம் எட்டரை. ஒற்றைக் கையால், 20 நொடியில் ஐந்து குண்டு, பிறகு 10 நொடியில் ஐந்து. இரண்டு கையால், கெடு ஏதும் இல்லாமல் கறுப்புக்குள் எல்லாவற்றையும் வைக்கவே முதலில் பாடாய்ப் படுத்தும். மறுமுனையில் ஜெர்ரி மிக்யூலெக் என்ற வேகச் சுடுவீரர் இருக்கிறார். 1999-ல் எவர்சில்வர் ரிவால்வர் ஒன்றில் ஆறு சுட்டு, நிரப்பி, மீண்டும் ஆறு சுட்டு 2.99 நொடியில் முடித்தார். பார்த்து ரசிக்கலாம், பின்பற்ற வேண்டாம்.

வெற்றுக் கூட்டைத் தள்ளும்போது குழல் வானத்தைப் பார்க்க வேண்டும். கீழே சாய்த்துத் தள்ளினால் எரியாத மருந்துத் துகள் கூடுகளை வெளியேற்றும் நட்சத்திர வடிவத் தள்ளிக்கு அடியில் புகுந்து அடுத்த முறை சிலிண்டர் சுற்றாது. கட்டைவிரல் சிலிண்டர் இடைவெளிக்குப் பக்கத்தில் போகவே கூடாது. அங்கே பாய்கிற வாயு சதையை வெட்டும். கண்ணாடியும் காதடைப்பும் இல்லாமல் தளத்தில் காலே வைக்கக் கூடாது. முடிந்ததும் கையையும் முகத்தையும் சோப்புப் போட்டுக் கழுவாமல் எதையும் சாப்பிடக் கூடாது, விரலில் இருப்பது ஈயம்.

வீட்டில் எப்படிப் பூட்டி வைப்பது என்பதில் பழைய ரிவால்வர் பிரியர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. 2000-க்குப் பிறகு வந்த ஸ்மித் அண்ட் வெசன் ரிவால்வர்கள் பலவற்றில், பூட்டி வைப்பதற்காகச் சட்டகத்தின் பக்கவாட்டில் சாவித் துளை ஒன்று இருக்கும். அழகு கெட்டது என்று அதை வெறுத்து, துளை இல்லாத பழையதற்குக் கூடுதல் விலை கொடுக்கிறார்கள். ரிவால்வரில் தடுப்புப் பொத்தான் ஏதும் கிடையாது. நிரப்பி வைத்தால் விரல் அழுத்த வேண்டியதுதான் பாக்கி. அமெரிக்காவில் துப்பாக்கியால் இறப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தற்கொலை செய்துகொண்டவர்கள். ஆகவே பூட்டாமல் வைக்கவே கூடாது. துளை பிடிக்காதவர்களுக்கு வேறு வழி உண்டு: சிலிண்டரைத் திறந்து, சட்டகத்தின் சதுர இடைவெளி வழியாகக் கம்பிவடப் பூட்டு ஒன்றைக் கோத்துவிட்டால் சிலிண்டர் மூடவே மூடாது. தோட்டாப் பெட்டி வேறு அலமாரியில், வேறு சாவியில்.