வீட்டைக் காக்கும் மின்கணக்கு



முன்னாளில் நம் நாட்டுத் தோட்டங்கள் பலவற்றில் மின்னாக்கி இயந்திரம் மாலை வேளையில் சில மணி நேரமே ஓடும். அது நின்றபின் லயத்து வீடுகளில் மண்ணெண்ணெய் விளக்குதான் துணை. இன்றோ நள்ளிரவிலும் சுவிட்சைத் தட்டினால் விளக்கு எரிகிறது. மின்கருவிகள் பெருகிய அளவுக்கு அவற்றைப் பற்றிய அறிவும் நம்மிடையே பெருக வேண்டாமா? ஒரு சாக்கெட்டில் எத்தனை கருவிகளைப் பொருத்தலாம் என்பதை அறியப் பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தாலே போதும். அதனை இங்குக் காண்போம்.

உயரத்தில் உள்ள நீர்த்தொட்டியை நினைத்துக் கொள்வோம். தொட்டியின் உயரம் நீரைக் குழாய் வழியே உந்துகிறது. அதுபோல் மின்சாரத்தை உந்துவது மின்னழுத்தம். அதனை வோல்ட் என்னும் அலகால் அளப்பர். குழாயில் ஓடும் நீரின் அளவைப் போன்றது மின்னோட்டம். அதன் அலகு ஆம்பியர். குழாய் குறுகலாக இருந்தால் நீரோட்டம் தடைபடும் அல்லவா? அத்தகைய தடையே மின்தடை. அதன் அலகு ஓம்.

ஓம் என்பது ஓர் ஆசிரியரின் பெயராகும். ஜெர்மானியரான கியோர்க் சைமன் ஓம் (1789–1854) கோலோன் நகரப் பள்ளி ஒன்றில் கணிதமும் இயற்பியலும் கற்பித்தவர். தாம் ஆராய்ந்து கண்ட விதியை 1827ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். அவ்விதியின்படி,

மின்தடை = மின்னழுத்தம் ÷ மின்னோட்டம்.

ஒரு கருவி எவ்வளவு விரைவாக மின்னாற்றலைப் பயன்படுத்துகிறது என்பதைக் காட்டுவது மின்திறன். அதன் அலகாகிய வாட், நீராவி இயந்திரத்தைச் செம்மைப்படுத்திய ஜேம்ஸ் வாட்டின் (1736–1819) பெயரைத் தாங்கியது.

மின்திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம்.

முதலில் கைவிளக்கு ஒன்றை எடுத்துக் கொள்வோம். அதில் 1.5 வோல்ட் மின்கலம் இரண்டு உள்ளன. ஆகவே மின்னழுத்தம் 3 வோல்ட். எரியும்போது அதன் குமிழில் 0.3 ஆம்பியர் ஓடுவதாகக் கொள்வோம். மின்தடை 3 ÷ 0.3 = 10 ஓம். மின்திறன் 3 × 0.3 = 0.9 வாட். இரண்டு எண்கள் தெரிந்தன. மேலும் இரண்டு எண்கள் கிடைத்தன.

இனி வீட்டுக் கருவிகளுக்கு வருவோம். நம் வீடுகளுக்கு வரும் மின்னழுத்தம் முன்பு 240 வோல்ட் எனக் குறிக்கப்பட்டது. 2008ஆம் ஆண்டு முதல் 230 வோல்ட் என்பதே மலேசியாவில் குறிக்கப்படும் அளவு. இஸ்திரிப் பெட்டி ஒன்று 5 ஆம்பியர் எடுத்தால் அதன் மின்தடை 230 ÷ 5 = 46 ஓம்; மின்திறன் 230 × 5 = 1150 வாட். நீர் கொதிக்க வைக்கும் மின்கெண்டி 10 ஆம்பியர் எடுத்தால் மின்தடை 23 ஓம். மின்திறன் 2300 வாட். மின்னழுத்தம் ஒன்றாக இருக்க, மின்தடை பாதியானால் மின்திறன் இரு மடங்காகிறது. தடை மிகுந்தால் சூடும் மிகும் என எண்ணுவோர் இதனைக் கருத்தில் கொள்க.

இவ்விரு கருவிகளையும் ஒரே நீட்டிப்புக் கம்பியில் பொருத்தினால் என்ன நேரும்? 5 + 10 = 15 ஆம்பியர். நாம் பயன்படுத்தும் மூன்று முனைப் பிளக்கின் வரம்போ 13 ஆம்பியர்தான். பிளக்கினுள் இருக்கும் ஃபியூஸ் உடனே உருகி நம்மைக் காத்துவிடும் என்று நம்பியிருத்தல் ஆகாது. வரம்பைச் சிறிதே மீறிய மின்னோட்டத்தை அது நெடுநேரம் ஓடவிடக்கூடும். அதற்குள் கம்பி சூடேறும்.

எவ்வளவு சூடேறும் என்பதையும் கணக்கிடுவோம். கம்பியின் மின்தடை 0.2 ஓம் என்க. இஸ்திரிப் பெட்டி மட்டும் இயங்கினால் கம்பிக்குச் செலவாகும் மின்னழுத்தம் 5 × 0.2 = 1 வோல்ட்; சூடாக மாறும் மின்திறன் 1 × 5 = 5 வாட். இரு கருவிகளும் இயங்கினால் 15 × 0.2 = 3 வோல்ட்; மின்திறன் 3 × 15 = 45 வாட். மின்னோட்டம் மூன்று மடங்கானது. சூடோ ஒன்பது மடங்கானது! சுருட்டி வைத்த கம்பியிலும் பாயின் அடியில் கிடக்கும் கம்பியிலும் இச்சூடு வெளியேற வழியின்றித் தேங்கும். மேலுறை இளகும், தீயும் பற்றலாம். உருகிப்போன ஃபியூசுக்கு மாற்றாக ஆணியையோ வெள்ளித் தாளையோ வைப்பது வீட்டுக் காவலனைத் துரத்திவிட்டுக் கதவைத் திறந்து வைப்பதற்கு ஒப்பாகும்.

வீட்டு மின்சாரத்தை நாம் அளந்து பார்க்க முயலுதல் கூடாது. அது உயிருக்கு ஆபத்து. அளக்கத் தேவையும் இல்லை. கருவியின் அடியிலோ பின்புறத்திலோ வோல்ட், வாட் ஆகிய அளவுகள் பொறிக்கப்பட்டிருக்கும். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். மின்விசிறி போன்ற மோட்டார் உள்ள கருவிகளுக்கு இக்கணக்கு இவ்வளவு நேராக வாராது. சூடேற்றும் கருவிகளுக்குச் சரியாக வரும். வீடுகளில் மிகுந்த மின்சாரம் எடுப்பவற்றுள் அவையே முதன்மையானவை.

விடுமுறையில் பெற்றோரின் துணையோடு, பிளக்கைக் கழற்றிய பின், வீட்டிலுள்ள சூடேற்றும் கருவிகளின் அளவுகளை ஏட்டில் எழுதுங்கள். ஒவ்வொன்றும் எத்தனை ஆம்பியர் எடுக்கும் எனக் கணக்கிடுங்கள். எவற்றை ஒன்றாகப் பொருத்தலாகாது என்பதை அம்மாவுக்கும் அப்பாவுக்கும் எடுத்துச் சொல்லுங்கள். வகுப்பறையில் கற்ற வகுத்தல் ஒரு குடும்பத்தைத் தீயிலிருந்து காக்குமானால், கல்வியின் பயன் அதனினும் வேறு உண்டோ?