தம்மாத்துண்டு படம்... தலையெழுத்தே அதுலதான்!

ஓடுற பஸ்ஸோட ஜன்னல் சீட். சுவர்ல வரிசையா சினிமா போஸ்டர். ஒவ்வொண்ணுக்கும் கிடைக்கிறது அரை நொடி. அதுக்குள்ள ‘இது பேய்ப்படம், இது காமெடி, இது அடிதடி’ன்னு மனசு முடிவு பண்ணிடும். கம்ப்யூட்டர் கேம் விக்கிற ஆன்லைன் கடையிலயும் இதே கதைதான் பாஸ். ஒரே ஒரு வித்தியாசம்... இங்கே போஸ்டர் சுவர் சைஸ் இல்லை, தீப்பெட்டி லேபிளைவிடச் சின்னது!

ரெண்டு, மூணு ஃப்ரெண்ட்ஸா சேர்ந்து, சொந்தக் காசைப் போட்டு, ராத்தூக்கத்தை விட்டு ஒரு கேம் செய்யறாங்க. இதுக்குப் பேர்தான் ‘இண்டி கேம்’. கோடிங் பக்கா, மியூசிக் சூப்பர். ஆனா, கடைசி வாரத்துல “ஏதாவது ஒரு ஸ்க்ரீன்ஷாட்டைக் கட் பண்ணி அட்டைப்படமா போட்டுடு மச்சி”ன்னு முடிச்சிடறாங்க. ரெண்டு வருஷ உழைப்பு அங்கேதான் கவுந்துடுது. படத்தை க்ளிக் பண்ணாத ஆள், உள்ளே இருக்கிற கேமைப் பார்க்கவே போறதில்லையே!

கூட்டம் எவ்ளோ தெரியுமா?

வால்வ் நிறுவனம் 2003-ல் தொடங்கிய ‘ஸ்டீம்’தான் கம்ப்யூட்டர் கேம்களுக்கான மெகா கடை. 2017 ஜூனில் ‘ஸ்டீம் டைரக்ட்’ வந்த பிறகு, ஒரு கேமுக்கு 100 டாலர் கட்டினால் யார் வேணும்னாலும் அங்கே சரக்கை வைக்கலாம். 1,000 டாலருக்கு வித்துட்டா அந்த 100 திரும்பக் கைக்கு வரும். கதவு திறந்ததும் கூட்டம் குவிஞ்சது. 2024-ல் மட்டும் 18 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேம்கள் ரிலீஸ். அதாவது, ஒரு நாளைக்கு ஏறக்குறைய 50! இந்தத் திருவிழாக் கூட்டத்துல உங்க புள்ளையை அடையாளம் காட்டப்போறது அந்தக் குட்டிப் படம்தான். ஸ்டீம் பாஷையில் அதுக்குப் பேர் ‘கேப்ஸ்யூல்’.

பேர் தெரியுதா?

கேப்ஸ்யூல் ஒரே சைஸ் இல்லை. முகப்புப் பக்கத்துக்குப் பெருசு, ‘லைப்ரரி’க்கு 600-க்கு 900 பிக்ஸல் அளவில் நெட்டையா ஒண்ணு, தேடல் பட்டியலுக்குச் சின்னது என்று பல சைஸ். இதுல வில்லன், சின்னதுதான். சில இடங்களில் அது 120-க்கு 45 பிக்ஸலா சுருங்கிடும். அந்தக் கட்டத்துல மலை, நதி, டிராகன் எல்லாம் வெறும் புள்ளி. அதனால சின்ன கேப்ஸ்யூலில் கேமோட பேரே கிட்டத்தட்ட முழு இடத்தையும் பிடிக்கணும் என்பது வால்வ் தரும் அட்வைஸ்.

பெரிய படத்தை அப்படியே சுருக்கிப் போடாதீங்க. ஒவ்வொரு சைஸுக்கும் தனியா அடுக்குங்க. பேர் வைக்கும்போதே இதை யோசிச்சா இன்னும் நல்லது. லிம்போ, ஹேட்ஸ், வெண்பா... மூணுமே இங்கிலீஷில் அஞ்சே எழுத்து. எவ்வளவு சுருக்கினாலும் படிக்கலாம். (கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தோட சமையல் கதையான ‘வெண்பா’ 2023-ல் வந்து, அடுத்த வருஷம் சிறந்த அறிமுக கேமுக்கான பாஃப்டா விருதையும் தட்டிட்டுப் போச்சு!)

ஒரே ஹீரோ போதும்

ஆஸ்திரேலியாவின் ‘டீம் செர்ரி’ 2017-ல் வெளியிட்ட ‘ஹாலோ நைட்’ ஞாபகம் இருக்கா? இருட்டு உலகம், நடுவுல கொம்பு வெச்ச வெள்ளை முகமூடி. அவ்ளோதான், பச்சக்குன்னு ஒட்டிக்கும். 2010-ல் வந்த ‘லிம்போ’வில் சாம்பல் மூட்டத்துக்கு நடுவே ஒரு சின்னப் பையனோட கறுப்பு நிழலும் மின்னுற ரெண்டு கண்ணும். 2019-ல் வந்த ‘அன்டைட்டில்ட் கூஸ் கேம்’முக்கோ ஒரு வெள்ளை வாத்து! மூணுலயும் ஃபார்முலா ஒண்ணுதான். ஒரே உருவம், பளிச்னு தெரியுற வெளிக்கோடு, பின்னணியிலிருந்து பிரிச்சுக் காட்டுற வெளிச்சம். பத்து கேரக்டரையும் வரிசையா நிக்கவெச்சா அது கல்யாண க்ரூப் போட்டோ.

பொய் சொன்னா மாட்டிக்குவீங்க!

படத்தைப் பார்த்ததுமே இது புதிரா, சண்டையா, விவசாயமா என்று புரியணும். இதுல கோட்டைவிட்டதுக்கு உலகப் புகழ் பெற்ற உதாரணம், 1987-ல் வந்த கேப்காமின் ‘மெகா மேன்’. கேமுக்குள்ளே கையே பீரங்கியான நீல ரோபோ பையன். அமெரிக்க அட்டையிலோ கையில் துப்பாக்கியோட ஒரு நடுத்தர வயசு ஆசாமி! அந்த அட்டை எவ்வளவு கிண்டலுக்கு ஆளாச்சுன்னா, 2012-ல் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் எக்ஸ் டெக்கன்’ கேமில் அதே ஆசாமியை கேப்காமே ஒரு கேரக்டரா இறக்கித் தன்னைத்தானே கலாய்ச்சுக்கிச்சு.

அவங்க பெரிய கம்பெனி, சிரிச்சுட்டுப் போயிடலாம். நமக்கு அது கட்டுப்படியாகாது. ஸ்டீமில் கேம் வாங்கி 14 நாளுக்குள், ரெண்டு மணி நேரத்துக்குக் கம்மியா விளையாடியிருந்தா காசைத் திருப்பி வாங்கிடலாம். சண்டைப்படம் மாதிரி கவர் போட்டு உள்ளே சாந்தமான புதிர் வெச்சா, வந்தவங்க கடுப்பாகிக் கிளம்புவாங்க. போகும்போது கெட்ட ரிவ்யூவும் எழுதிட்டுப் போவாங்க.

‘10-க்கு 10’ போடாதீங்க

“விருது வாங்கிய கேம்”, “50 சதவிகிதம் தள்ளுபடி” என்று கவர் மேலேயே சிலர் ஸ்டிக்கர் ஒட்டிக்கிட்டிருந்தாங்க. வால்வ் 2022 செப்டம்பர் 1 முதல் அதுக்குத் தடா போட்டுருச்சு. கேமோட ஓவியம், பேர், அதிகாரபூர்வ உபதலைப்பு... இவ்வளவுக்குத்தான் அனுமதி. மார்க், விருது, தள்ளுபடி எதுவும் கூடாது. பெரிய அப்டேட் வந்தால், அதைச் சொல்லும் தற்காலிகப் படத்தை ஒரு மாசம் வரைக்கும் வெச்சுக்கலாம்.

கடைசி நிமிஷ வேலை இல்லை

2001-ல் வந்த சோனியின் ‘ஈக்கோ’வுக்கு, இயக்குநர் ஃபுமிட்டோ உவேடாவே ஓவியர் ஜார்ஜோ டி கிரிகோவின் பாணியில் ஒரு அழகான அட்டை வரைந்தார். ஆனா, அமெரிக்க ரிலீஸுக்குள் படம் ரெடியாகலை. அங்கே வேற அட்டையோட போச்சு. அமெரிக்காவில் விற்பனை மந்தமானதுக்கு அந்த அட்டையும் ஒரு காரணம் என்று பின்னாளில் சோனி அதிகாரி ஒருவரே கருத்து சொன்னார்.

இன்னிக்கு இது இன்னும் அவசரம். ரிலீஸுக்குப் பல மாசம் முன்னாடியே ஸ்டீம் பக்கத்தைத் திறந்து, பிடிச்சவங்களை ‘விஷ்லிஸ்ட்’டில் சேர்க்க வைக்கணும். ரிலீஸ் அன்னிக்கு அவங்களுக்குத்தான் ஸ்டீம் மெயில் அனுப்பும். அதனால, பக்கம் திறக்கிற அன்னிக்கே நல்ல கவர் ரெடியா இருக்கணும்.

வரையத் தெரியாதா? கவலைப்படாதீங்க. உங்க காலேஜிலேயே ஓவியம் படிக்கிற ஒரு ஃப்ரெண்ட் இருப்பாங்க. நட்புதானேன்னு விடாம, எவ்வளவு பணம், படம் யாருக்குச் சொந்தம், எத்தனை சைஸ் என்பதை எழுதி வெச்சுக்குங்க. நீங்களே முயற்சி பண்றதா இருந்தா ‘க்ரிட்டா’, ‘கிம்ப்’ ரெண்டும் இலவசம். ஃபான்ட்டை மட்டும் லைசென்ஸ் பார்த்து எடுங்க. ஏஐ-யில் படம் செய்தால், 2024 ஜனவரியிலிருந்து அதை ஸ்டீமில் சொல்லியே ஆகணும். கடைக்கு வர்றவங்களும் அதைப் பார்ப்பாங்க.

ரூம்லயே நாலு டெஸ்ட்

• படத்தை 120-க்கு 45-ஆகச் சுருக்குங்க. பேரைப் படிக்க முடியுதா?

• கலரை எடுத்துட்டு கறுப்பு வெள்ளையில் பாருங்க. உருவம் பின்னணியோட கரைஞ்சா, வெளிச்சத்தை மாத்துங்க.

• உங்க கேம் மாதிரியே உள்ள பத்து கேம்களோட கவருக்கு நடுவுல வெச்சுப் பாருங்க. எல்லாம் நீலமா இருந்தா, நீங்க ஆரஞ்சுக்குத் தாவுங்க.

• கேமைப் பத்தி ஒண்ணுமே தெரியாத ஹாஸ்டல் மேட் கிட்ட ரெண்டே நொடி காட்டி, “இது என்ன கேம்?”னு கேளுங்க. பதில் தப்பா வந்தா அவரைத் திருத்தாதீங்க, படத்தைத் திருத்துங்க!

முதல் முயற்சிக்கே 100 டாலர் கட்டத் தயக்கமா? கட்டணமே இல்லாத ‘இட்ச் டாட் ஐஓ’ தளத்துல ஆரம்பிங்க. அங்கே கவர் சைஸ் 630-க்கு 500 பிக்ஸல். ஒரு வாரம் ஒரு கவர், மறு வாரம் இன்னொண்ணு. எதுக்கு ஆள் அதிகம் உள்ளே வந்தாங்கன்னு கணக்கு எழுதுங்க. உங்க ரசனைக்குப் பிடிச்ச கவர் தோத்து, சுமாரா நினைச்சது ஜெயிக்கலாம். அப்போ ஈகோ பார்க்காம ஜெயிச்சதை எடுத்துக்கிட்டு அடுத்த வேலையைப் பாருங்க பாஸ்!